வீட்டில் ஒரு கடைசல் பட்டறை

'கடைதல்' என்பது தமிழில் பழமையான சொல். மத்தினால் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பர். அவித்த கீரையைச் சட்டியிலிட்டுக் கடைவர். கட்டிலின் கால்களையும் ஊஞ்சலின் கைப்பிடிகளையும் மரத்தில் கடைந்து தருவர். வேலைப்பாடு மிகச் சிறந்திருந்தால், 'கடைந்தெடுத்த சிலை போல' என்று பாராட்டுவர். மத்தின் சுழற்சியோ மரத்தின் சுழற்சியோ, எங்கும் சுழற்சியே வேலை செய்கிறது.

மரம் கடையும் கலை நம் நாட்டின் பல ஊர்களில் இன்றும் வாழ்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்களும், கருநாடகத்துச் சென்னபட்டணத்தின் வண்ணப் பொம்மைகளும், ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாக்காவின் அரக்குப் பூசிய பொம்மைகளும் கடைசலில் பிறந்தவையே. சுழலும் மரத்தின்மீது உளி பட்டதும் மரம் உருளையாகிறது. உளி சற்று உள்ளே சென்றால் இடை சிறுக்கிறது. விலகினால் வயிறு பருக்கிறது. அரக்கைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

மரத்துக்குக் கை உளி போதும். இரும்புக்கு அது போதாது. கையால் உளியைப் பிடித்து இரும்பைச் சீராகக் கடைவது மிகவும் கடினம். 1800-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் இதற்கு நல்வழி கண்டார். உளியை இறுகப் பற்றி நகரும் சறுக்குத் தாங்கி, அதனை ஒரே சீராக இழுத்துச் செல்லும் நீண்ட திருகு, வேகத்தை மாற்றும் பற்சக்கரங்கள் ஆகிய மூன்றையும் ஓர் எந்திரத்தில் அவர் ஒருங்கே அமைத்தார். அதன்பின் ஒரே அளவுள்ள திருகுகளை எத்தனை வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. மற்ற எந்திரங்களின் உறுப்புகளையும் தன்னுடைய உறுப்புகளையும் ஆக்கித் தர வல்லது என்பதால், கடைசல் எந்திரத்தை 'எந்திரங்களின் தாய்' என்று அழைப்பர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதன் பெயர் 'லேத்'. இந்தியில் அது 'கராத்'.

கோயம்புத்தூரில் லேத் என்ற சொல்லை அறியாத குழந்தை இல்லை எனலாம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் துணையால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளின் எந்திரங்களைப் பழுது பார்க்க வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் எழுந்தன. உழவர்களின் கிணறுகளுக்குப் பம்புகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு மோட்டார்கள் தேவைப்பட்டன. இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் து. பாலசுந்தரமும் கோவையில் உருவாக்கியதே. வீட்டின் முன்னறையில் ஒரு லேத்தும் பின்னறையில் குடும்பமுமாக வாழ்ந்தவர் அந்நகரில் பலர்.

அப்படிப்பட்ட ஒரு தெருவில் பிறந்தவர்தாம் இக்கட்டுரையில் வரும் பெரியவர். சிங்காநல்லூரில் ஒரு சிறு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, இரும்புத் துகளைக் கூட்டிப் பெருக்கித் தொழில் கற்றவர். இருபத்திரண்டாம் வயதில் வேலை தேடி மராட்டிய மாநிலத்துப் புனே நகரை அடுத்த பிம்ப்ரி சிஞ்ச்வட்டுக்குச் சென்றார். மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. அங்கு ஒரு தொழிற்சாலையின் கருவிக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்றார். இப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டு அவருக்குப் பெரும் துன்பமாக இருந்தது. காலையில் நாளிதழ், மாலையில் பூங்கா, இரவில் தொலைக்காட்சி என்று நாள்கள் நகர்ந்தன. கைகள் மட்டும் எதையோ தேடின. தண்ணீர்க் குழாயின் திருகைச் சரிசெய்வார். மின்விசிறியைக் கழற்றி மாட்டுவார். ஒருநாள் போசரியில் ஒரு பழைய பட்டறை மூடப்படுவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றார். மூலையில் நாலரை அடி நீளமுள்ள பழைய லேத் ஒன்று துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் அதற்கு எடைக்கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் அதன் படுக்கைத் தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். தேய்மானம் குறைவு. சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஓசையின்றிச் சுழன்றது. கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல் ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார்.

வாங்குவது எளிது, வீட்டுக்குக் கொண்டுவருவது அரிது. ஏறக்குறைய அரை டன் எடையுள்ள எந்திரத்தைத் தூக்க முடியாது. ஆனால் உருட்ட முடியும். சரக்கு வண்டியிலிருந்து சாய்பலகை வழியாக அதனைக் கயிறு கட்டி மெல்ல இறக்கினர். தரையில் இரும்புக் குழாய்த் துண்டுகளைக் குறுக்கே இட்டு, எந்திரத்தை அவற்றின்மேல் நகர்த்தினர். பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் இடுவது, மீண்டும் நகர்த்துவது. தெருவாசலிலிருந்து வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகை வரை முப்பது அடி தொலைவைக் கடக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.

கொட்டகை பத்தடிக்கு எட்டடி. அதன் தரையை முன்னரே ஓரடி ஆழம் தோண்டிக் கற்காரை இட்டு இறுக வைத்திருந்தார். மண் தரையிலோ மாடியறையிலோ லேத்தை வைத்தால் அதிர்வு மிகும். அதிர்ந்தால் கடைந்த பரப்பில் அலை அலையாகக் கோடுகள் விழும். எந்திரத்தை வைத்தபின் மட்டம் பார்க்கும் வேலை தொடங்கியது. இரசமட்டத்தைப் படுக்கையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்துப் பார்த்தார். ஒரு முனையில் குமிழி நடுவில் நின்றது. மறுமுனையில் விலகி நின்றது. படுக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். கால்களின் அடியில் மெல்லிய தகடுகளைச் செருகியும் திருகுகளை இறுக்கியும் தளர்த்தியும் மூன்று நாள் பாடுபட்டார். இறுதியாக ஒரு தண்டைச் சக்கில் பிடித்து, அதன் இரு முனைகளையும் ஒரே வெட்டில் கடைந்து அளந்தார். இரண்டும் ஒரே அளவாயிருந்தபோதுதான் தேநீர் குடிக்க எழுந்தார்.

தொழிற்சாலைகளில் மும்முனை மின்சாரம் உண்டு. வீட்டில் இருப்பதோ ஒருமுனை மின்சாரம். எனவே பழைய மோட்டாரை நீக்கிவிட்டு, 230 வோல்ட்டில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தினார். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதற்கெனத் தனிக் கம்பியும், நிலக்கம்பியும், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சிவப்பு நிறுத்து பொத்தானும் அமைத்தார். அண்டை வீட்டினரிடம் தாமே சென்று, பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரையும் இரவு ஏழு மணிக்குப் பிறகும் எந்திரம் ஓடாது என்று வாக்களித்தார். அந்த வாக்கு இன்றுவரை தவறியதில்லை.

பட்டறையின் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. கருவியின் வெளிக்கோட்டைச் சுவரில் வண்ணத்தால் வரைந்து, அதற்குரிய ஆணியில் அதனை மாட்டியிருப்பார். மாலையில் ஏதேனும் ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை கதவு பூட்டப்படாது. தவறவிட்ட திறவுகோல் ஒன்று எந்திரத்தின் சக்கில் இருக்கக்கூடும். அதை எடுக்க மறந்து எந்திரத்தை இயக்கினால், அது எறிகுண்டு போலப் பாய்ந்து வரும். 'சக்குச் சாவியைக் கையை விட்டு இறக்கும் இடம் சுவராகத்தான் இருக்க வேண்டும்' என்பது அவர் தம் குருவிடம் கற்ற முதல் பாடம்.

வேறு விதிகளும் அங்கு உண்டு. வேட்டியோடும் துண்டோடும் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. கையுறை அணியக் கூடாது. சுழலும் சக்கு கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். நீண்ட கூந்தலைக் கொண்டையிட்டுத் துணியால் கட்ட வேண்டும். கண்ணாடி அணியாமல் பொத்தானைத் தொடக் கூடாது. இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது. அது சவரக் கத்தியினும் கூரியது. அதற்கென வளைந்த கம்பி ஒன்று சுவரில் தொங்குகிறது.

உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு. மெல்லிரும்பு நீண்ட சுருளாகக் கழன்று வரும். வார்ப்பிரும்பு கருந்தூளாக உதிரும். பித்தளை சிறு செதில்களாகத் தெறிக்கும். அலுமினியம் உளியின் முனையில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். சிறிது மண்ணெண்ணெய் தடவினால் வழிக்கு வரும். சுழற்சியின் வேகத்தையும் பொருளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மெல்லிரும்பின் பரப்பு உளியைக் கடந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் ஓடலாம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு ஏறக்குறைய 78.5 மில்லிமீட்டர். 25 மீட்டரை அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு 318 சுற்றுகள் வரும். விட்டம் இருமடங்கானால் சுற்றுகள் பாதியாகும். பள்ளியில் கற்கும் வட்டத்தின் சுற்றளவு இங்கு ஒவ்வொரு நாளும் பயன்படுகிறது.

உளியின் முனை தண்டின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேலே இருந்தால் வெட்டாமல் உராயும். கீழே இருந்தால் தண்டினுள் புதையும். இதனை அறியப் பெரியவர் பயன்படுத்துவது ஒரு சிறு இரும்பு அளவுகோல். எந்திரம் நிற்கும்போது, உளியின் முனைக்கும் தண்டுக்கும் இடையில் அதனை மெல்லப் பிடிக்கச் செய்வார். கோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. கோலின் தலை கடைபவரை நோக்கிச் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. பத்து ரூபாய்க் கோல் ஒன்று செய்யும் வேலை அது.

அளவு என்று வரும்போது ஒரு தமிழ்ச் சொல்லைப் பெரியவர் விடாமல் வழங்குவார். அச்சொல் 'நூல்'. தச்சரும் கொல்லரும் ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கி, ஒரு பங்கை ஒரு நூல் என்பர். வடநாட்டுப் பட்டறைகளிலும் இதே அளவை 'சூத்' என்பர். அச்சொல்லுக்கும் நூல் என்பதே பொருள். வளையாமல் செல்வதை 'நூல் பிடித்தாற்போல' என்கிறோம். தச்சர் இழுத்துப் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று நன்னூல் உவமை கூறுகிறது. புத்தகத்துக்கும் அளவுக்கும் தையல் இழைக்கும் ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கினர்.

ஆயினும் லேத் வேலைக்கு நூலளவு மிகப் பெரியது. அங்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிட வேண்டும். அதனை அளக்கும் கருவி மைக்ரோமீட்டர். அதன் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உறையில் ஐம்பது கோடுகள் உண்டு. எனவே ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீட்டர். கடைந்த சூடு ஆறுமுன் அளந்தாலும் பிழை நேரும். 25 மில்லிமீட்டர் எஃகுத் தண்டின் சூடு 35 டிகிரி கூடினால், அது ஏறக்குறைய ஒரு கோட்டளவு பருத்துவிடும்.

அந்தக் கோடுகள்தாம் பெரியவருக்கு மங்கத் தொடங்கின. கண்புரை வந்து ஒரு கண்ணில் அறுவை செய்தாயிற்று. மறு கண்ணுக்கு நாள் குறித்திருந்தனர். அந்த இடைக்காலத்தில் அவருக்குக் கண்ணாக இருந்தவள் அவருடைய பேத்தி. எட்டாம் வகுப்பில் படிப்பவள். பள்ளியில் இந்தி, தெருவில் மராத்தி, வீட்டில் பாதித் தமிழ் என்று வளர்ந்தவள். மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் கூந்தலைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பாள். அவள் அளவைப் படிப்பாள்; அவர் கடைவார்.

சித்திரை மாதத்து வெயில் கொளுத்திய ஒருநாள், தெருமுனையில் கரும்புச்சாறு விற்பவர் முறிந்த தண்டு ஒன்றோடு வந்தார். கரும்பைப் பிழியும் உருளையின் தண்டு அது. அந்த எந்திரத்தைச் செய்தவர்கள் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைகளில் அந்த உறுப்புக் கிடைக்கவில்லை. அவருடைய ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி கோடையின் மூன்று மாதங்களில் வருவது. வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நின்றுவிடும்.

பெரியவர் முறிந்த இடத்தைப் பார்த்தார். தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் சேரும் மூலை கத்தி வைத்து வெட்டியது போல் கூர்மையாக இருந்தது. கூரிய மூலையில்தான் விசை குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். புதிய தண்டில் அந்த மூலையைச் சிறிது வளைவாக விட வேண்டும் என்று பேத்திக்கு விளக்கினார். முனையில் மாட்டும் பேரிங்கின் துளை 25 மில்லிமீட்டர். ஆகவே தண்டின் முனையும் 25.00 ஆக இருக்க வேண்டும். குறைந்தால் பேரிங் தளர்ந்து ஆடும்.

மாலை மணி ஆறரை. ஏழு மணிக்கு எந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். கரும்புச்சாறு விற்பவர் வாசலில் காத்திருந்தார். இன்னும் ஒரு வெட்டு மீதி இருந்தது.

"எவ்வளவு இருக்கிறது, கண்ணு?" என்றார் பெரியவர்.

பேத்தி மைக்ரோமீட்டரைப் பார்த்தாள். 25.29. அவள் வாயில் இந்தி வந்தது. "பச்சீஸ் பாயிண்ட் உன்தீஸ், தாத்தா" என்றாள்.

மோட்டார் ஓசையினிடையே பெரியவரின் காதில் 'உன்தாலீஸ்' என்று விழுந்தது. உன்தீஸ் என்றால் இருபத்தொன்பது. உன்தாலீஸ் என்றால் முப்பத்தொன்பது. அரை நூற்றாண்டாக அவ்வூரில் வாழ்ந்தும், இந்தியில் சரளமாக உரையாடியும், எண்ணும் கணக்கும் மட்டும் அவர் மனத்தில் தமிழிலேயே நடந்தன. இரண்டு வெட்டாக எடுத்து, நடுவில் மீண்டும் அளப்பதே முறை. நேரத்தை எண்ணி அன்று ஒரே வெட்டாக எடுத்தார். உளி நகர்ந்தது. பேத்தி மீண்டும் அளந்தாள். அவள் முகம் வாடியது. 24.90 என்று காட்டியது கருவி.

பத்துக் கோடுகள். ஒரு தலைமயிரின் தடிமன். அவ்வளவுதான் பிழை. வாசலில் நின்றவர் தண்டையும் பேரிங்கையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தார். பேரிங் எளிதாக நுழைந்தது. "சரியாகத்தானே இருக்கிறது, அண்ணா!" என்று மகிழ்ந்தார். அவருக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தண்டின்மேல் புள்ளி குத்தியால் சில குத்துகள் குத்தினால் இரும்பு சற்று மேடெழும். பேரிங் இறுகப் பிடித்தது போலத் தோன்றும். அவ்வாறு செய்து கொடுத்து அனுப்புவோரும் உண்டு. பத்து நாள் ஓடும், பிறகு தளரும், அதன்பின் தண்டோடு பேரிங்கும் வீணாகும்.

பெரியவர் பேரிங்கை விரலால் அசைத்துக் காட்டினார். "பாருங்கள், ஆடுகிறது. இது உதவாது. என் கையில் கெட்டது. என் செலவில் வேறு செய்கிறேன். நாளை பிற்பகல் வாருங்கள்" என்றார். வந்தவர் முகம் வாடித் திரும்பினார். ஒருநாள் வருமானம் அவருக்குச் சிறிது அன்று. பெரியவரும் அதனை அறிவார். அன்று இரவு அவர் சரியாக உண்ணவில்லை.

பேத்தி அழுதாள். பிழை தன்னுடையது என்று எண்ணினாள். "நீ படித்தது சரி. நான் கேட்டது தவறு. அவசரப்பட்டதும் நான்தான்" என்றார் தாத்தா. பிறகு இருவரும் அமர்ந்து, எண்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தனர். தமிழில் இருபத்தொன்பது, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்பது எனப் பத்தின் பெயர் முன்னே நிற்கிறது. ஒன்றின் பெயர் பின்னே வருகிறது. பாதி கேட்டாலும் எந்தப் பத்து என்பது விளங்கிவிடும். இந்தியில் இந்த எண்கள் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்னும் பொருளில் அமைந்தவை. அவற்றோடு வளர்ந்தவர்க்கு அதில் இடர் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதன் வழி உண்டு. ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே வழியில் நடக்க வேண்டும். அன்று முதல் கொட்டகைக்குள் எண்கள் தமிழில்தான் வரும் என்று இருவரும் முடிவு செய்தனர். ஒருவர் சொன்ன அளவை மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே உளி நகரும் என்பது இரண்டாவது முடிவு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே புதிய தண்டைச் சக்கில் பிடித்தனர்.

"இருபத்தைந்து, புள்ளி, முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு."

"இருபத்தைந்து, புள்ளி, பதினான்கு."

"பதினான்கு."

தண்டு ஆறும்வரை காத்திருந்து மீண்டும் அளந்தனர். இறுதி வெட்டுக்குப் பின், உறையின் சுழிக்கோடு நடுக்கோட்டோடு ஒன்றியது. பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "இருபத்தைந்து. புள்ளி. சுழி, சுழி." பேரிங் கையால் தள்ளினால் நுழையவில்லை, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் சீராக ஏறி அமர்ந்தது. பிற்பகலில் வண்டியின் சலங்கை மீண்டும் ஒலித்தது. அவர் கொண்டுவந்த இரண்டு குவளைச் சாற்றுக்கு விலை வாங்க மறுத்துவிட்டார். தண்டுக்கு உரிய கூலியைப் பெரியவர் வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கோடையில் பேத்தி மரை வெட்டவும் கற்றாள். எந்திரத்தின் நீண்ட திருகுக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி. வெட்ட வேண்டிய மரைக்கு 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. எனவே தண்டு இருமுறை சுழலும்போது திருகு ஒருமுறை சுழல வேண்டும். 30 பற்கள் உள்ள சக்கரம் ஓட்ட, 60 பற்கள் உள்ள சக்கரம் ஓடினால் கணக்குச் சரியாகும். விகிதம் என்று பாடநூலில் படித்தது இரும்பில் சுழல்வதை அவள் கண்டாள். சுரை, மரை, ஆணி, அச்சு, பல், தாடை, படுக்கை என்று அவளுடைய தமிழில் புதிய சொற்கள் ஏறின. தாத்தாவின் மறு கண்ணும் அறுவைக்குப் பின் தெளிந்தது. ஆயினும் அளவு படிக்கும் வேலையை அவர் திரும்பக் கேட்கவில்லை.

அவளுடைய தந்தைக்குப் பத்தாம் மாடியில் வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறது. அங்கு அரை டன் எந்திரத்தைக் கொண்டுசெல்ல இயலாது. அதனை என்றாவது யாருக்கேனும் கொடுக்க வேண்டி வரலாம் என்பது கொட்டகையில் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. முறிந்த தண்டு, தேய்ந்த அச்சு, மரை கெட்ட ஆணி என்று வாசலில் ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. கதவருகே சுவரில் 24.90 அளவுள்ள அந்தத் தண்டு இன்றும் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதன் வெளிக்கோட்டையும் பெரியவர் வண்ணத்தால் வரைந்திருக்கிறார். புதிதாக வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் பேத்தி முதலில் அதைத்தான் கழற்றிக் கொடுத்து, பேரிங்கை மாட்டி அசைத்துப் பார்க்கச் சொல்கிறாள்.

பயிற்சி

1. 'கடைதல்' என்னும் சொல் எவ்வெவ் வேலைகளைக் குறிக்கிறது? கட்டுரையிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.

2. எந்திரத்தின் படுக்கை முறுக்கிக்கொண்டிருப்பதைப் பெரியவர் எவ்வாறு கண்டறிந்தார்?

3. 24.90 அளவுள்ள தண்டைக் கொடுத்தனுப்பப் பெரியவர் ஏன் மறுத்தார்? நீங்கள் அவரிடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.

4. 19, 29, 39, 49, 59, 69, 79 ஆகிய எண்களைத் தமிழிலும் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் எழுதி, வகுப்பில் உரக்கப் படித்து ஒப்பிடுக.

5. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிரும்புத் தண்டை நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகளில் கடையலாம்? கட்டுரையில் உள்ள கணக்கைக் கொண்டு கண்டுபிடிக்க.

6. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் செய்த தொழிலைப் பற்றிக் கேட்டு, அத்தொழிலில் வழங்கும் பத்துத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து எழுதுக.